பீடத்துப் பூவும் என் கால் புண்ணும்

என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று பெரிய டாக்டராகிய வெள்ளைக்காரத் துரை சொன்ன அன்று நான் தேவமாதாவோடு சண்டை போட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே போட்ட சண்டை. பதினோரு வருஷமாக உன் பீடத்துக்குப் பூ வைக்கிறேனே, நீ எனக்குச் செய்வது இதுதானா என்று கேட்டேன். அதற்கு மேலும் சில வார்த்தைகள் கேட்டேன். அவற்றை இங்கே எழுத மாட்டேன். சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி முடித்துவிட்டேன்.

சகோதர சகோதரிகளே, நான் ரோசம்மாள். பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் தையல் வேலை செய்கிறவள் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளின் புதுநன்மை உடுப்புகளில் பாதி என் இயந்திரத்தில் தைத்தவை. என் புருஷன் காலமானபின் எனக்கும் என் மகள் தெரேசாவுக்கும் சோறு போட்டது அந்த இயந்திரம்தான். அது காலால் மிதிக்கிற இயந்திரம். ஒரு கால் இல்லாமல் அதை மிதிக்க முடியாது. ஆகவே துரை எடுக்கப் போகிறேன் என்றது என் காலை மட்டுமல்ல என்பதை நீங்களே விளங்கிக்கொள்வீர்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு இனிப்பு நீர் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துச் சொன்னார்கள். சீனியை விடு, சோற்றைக் குறை என்றார்கள். நான் விட்டேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடவில்லை, திருநாளில் விடவில்லை, யாராவது பலகாரம் கொண்டுவந்தால் அவர்கள் மனம் நோகக் கூடாதே என்று அன்றும் விடவில்லை. தெரேசா திட்டுவாள். அவள் கன்னியர் மடத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். என்னையும் அந்த வகுப்பில் ஒருத்தியாகவே நடத்துவாள்.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தின் முதல் வாரத்தில் புதுக் கட்டைச் செருப்பின் வார் உரசி, இடது காலின் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு கொப்புளம் வந்தது. உடைந்தது. புண்ணானது. வலி இல்லை. இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கால் மரத்துப் போகும், அதனால் வலி தெரியாது என்று பிற்பாடுதான் கேட்டறிந்தேன். அப்போதோ, தபசு காலத்தில் மாதா என் வலியை எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

ஈஸ்டர் வந்தது, புண் ஆறவில்லை. அப்போதுதான் நான் பூவை எடுத்தேன்.

மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது என்பது நமக்குத் தெரியும். பழைய குருத்தோலையை எரித்துச் சாம்பலாக்குகிறோம். பீடத்துப் பூவையும் அப்படியே எரிக்கவோ மண்ணில் புதைக்கவோ வேண்டும். எனக்கு மனம் வராது. மாதாவின் பாதத்தில் ஒரு வாரம் இருந்த பூவை நெருப்பில் போடுவதா என்று, வாடிய மாலைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பேன். ரோஜாவும் சம்பங்கியும் அவற்றைக் கட்டிய வாழைநாரும் அதில் ஒன்றாகக் கிடக்கும். நம்முடைய ஊர் மழை உங்களுக்குத் தெரியாததல்ல. டின் மூடியைத் திறந்தால் ஈரவாடை அடிக்கும். எனக்கு அது வாசனையாகவே பட்டது.

தினமும் காலைச் செபம் முடிந்ததும் ஒரு பிடி பூவை எடுத்துத் தேங்காய் எண்ணெயில் கசக்கிப் புண்ணின்மேல் வைத்துத் துணியால் கட்டுவேன். வெட்டுக்காயம், சிராய்ப்பு என்று யாராவது வந்து கேட்டால் அவர்களுக்கும் கொடுப்பேன். கொடுக்கும்போது எனக்கு ஒரு பெருமை இருந்தது. கோயில் சாவியைக் கையில் வைத்திருக்கிறவளுக்கு வருகிற பெருமை அது.

மே மாதத்தில் புண்ணுக்கு மேலே, காலின் மேற்புறத்தில், ஒரு சின்னக் கட்டி தோன்றியது. பட்டாணி அளவு. தொட்டால் உருளும், வலிக்காது. ஒரு வாரம் கழித்து அதற்கு மேலே இன்னொன்று. பிறகு கணுக்காலுக்கு மேலே ஒன்று. வரிசை தவறாமல், நூல் பிடித்தாற்போல் நேராக ஏறின. மே மாதம் மாதாவின் மாதம். கோயிலில் தினமும் செபமாலை. நான் என்ன நினைத்திருப்பேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆமாம், அதைத்தான் நினைத்தேன். மாதா என் காலில் செபமாலை கோக்கிறாள் என்று நினைத்தேன்.

இப்போது இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் அன்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பக்கத்து வீட்டுச் சவரியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் என்னைவிட இளையவள், என் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவள். கட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டாள்.

"அக்கா, செபமாலை மாதிரி பத்து சேந்ததும் சாமியார்கிட்ட சொல்லிருங்க. அதுவரைக்கும் யாருக்கும் வேணாம்."

நானும் சரி என்றேன். தினமும் புடவையைக் கொஞ்சம் தூக்கி எண்ணிப் பார்ப்பேன். தெரேசா பக்கத்தில் வந்தால் இறக்கிவிடுவேன். ஏழு வந்தபோது முதல் கட்டி உடைந்து சீழ் வடிந்தது. அதன்மேலும் பூ வைத்துக் கட்டினேன்.

சேசுவின் இருதய மாதமாகிய ஜூனில், சட்டைக்கு அளவெடுக்கக் குனிந்த நான் அப்படியே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். தெரேசா என் புடவையை விலக்கிக் காலைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "அம்மா, இத எத்தன நாளா மறைச்சீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு ரிக்‌ஷா கூப்பிடப் போனாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் என் நீரைக் குழாயில் ஊற்றி, ஒரு நீல மருந்தைச் சேர்த்துக் காய்ச்சினார்கள். சீனி இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்குமாம். என்னுடையது செங்கல் நிறத்துக்குப் போனது. நர்ஸ் மிஸி அதை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டுப் போய் இன்சுலின் ஊசியைக் கொண்டுவந்தாள். அது வந்து சில வருஷங்களே ஆன மருந்து. அதற்கு முன்னால் என் நிலையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை. காலையும் மாலையும் ஊசி போட்டார்கள், புண்ணைக் கழுவினார்கள். சீனி இறங்கியது. புண் இறங்கவில்லை. சுண்டுவிரல் கறுத்துவிட்டது.

சீழைத் துடைத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். மறுநாள் அங்கிருந்து ஒருவர் என் கட்டிலைத் தேடி வந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, நாற்பது வயதிருக்கும். பெயர் காதர். எல்லாரும் காதர் பாய் என்றார்கள். நம்முடைய ஊர்த் தமிழ் முஸ்லிம். சோதனைச் சாலையில் கண்ணாடியில் சீழ் தடவிப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இன்ன கிருமி என்று டாக்டருக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. அந்த வேலைக்காரர்கள் நோயாளியிடம் வருவது வழக்கமில்லை. அதனால் எனக்கு உடனே பயம் பிடித்தது.

"அம்மா, புண்ணுல ஏதாச்சும் வச்சுக் கட்டினீங்களா? தழை, வேரு, அந்த மாதிரி?"

"ஒண்ணும் வைக்கலியே."

"கண்ணாடியில செடி நாரு மாதிரி தெரியுது. புண்ணுல நாரு எப்படி வரும்? அதான் கேக்குறேன்."

"துணி நூலா இருக்கும், பாய். நான் தையக்காரி."

அவர் என் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்து கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பூவைப் பற்றிச் சொன்னால் அந்த மிஸிகள் சிரிப்பார்கள், துரை சிரிப்பார், மாதாவின் பெயர் இவர்கள் வாயில் விழுந்து புரளும் என்று நினைத்தேன். நான் மாதாவின் மானத்தைக் காக்கிறேன் என்றே நம்பினேன். காலையே கொடுத்தாவது காப்பேன் என்று மனதுக்குள் வசனம் வேறு பேசிக்கொண்டேன். உண்மையில் கால் போகும் என்று அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால் வசனம் பேசுவது சுலபமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை துரை வந்தார். கட்டிகளை அழுத்திப் பார்த்தார். கூட நின்ற சின்ன டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரர், தமிழில் எனக்குச் சொன்னார். வழக்கமான சீழ்க் கிருமிதான் சோதனையில் வந்திருக்கிறது, அதற்குச் செய்கிற வைத்தியத்துக்குக் கால் கேட்கவில்லை, விஷம் மேலே ஏறுகிறது, வெள்ளிக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுக்கப் போகிறோம். உயிருக்காகத்தான் அம்மா, என்றார். நல்ல மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றுதான் நான் தொடக்கத்தில் சொன்ன சண்டை நடந்தது. சண்டை ஓய்ந்தபின் அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னால் செபம் வந்தது. ஆனால் எப்போதும் சொல்கிற செபம் வாயில் வரவில்லை. செபமாலையை எடுத்தால் மணியைத் தொடவே கூசியது. கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன். "தாயே, எனக்கு ஒண்ணும் புரியல. நான் எங்க தப்புப் பண்ணினேன்னு எனக்குக் காட்டு. கால் போனாலும் சரி, அத மட்டும் காட்டு." கால் போனாலும் சரி என்றது பொய். காட்டு என்றது நிஜம்.

என் செபத்துக்குப் பதில் புதன்கிழமை பகலில், அடுத்த கட்டிலில் வந்து படுத்தது.

அவள் ஒரு வயதான நோஞ்ஞா, இந்த ஊரிலேயே தலைமுறையாக இருக்கிற சீனக் கிழவி. கையில் பெரிய புண். என்னைப்போலவே இனிப்பு நீர்க்காரி. மிஸி அவளிடம் மலாயில், என்ன மருந்து வைத்தாய் என்று கேட்டாள். கிழவி கொஞ்சமும் வெட்கப்படாமல் பட்டியல் போட்டாள். புகையிலை, சுண்ணாம்பு, சாமி மாடத்து ஊதுவத்திச் சாம்பல், பேரன் சொன்ன ஏதோ ஒரு தைலம். நான் மிஸி சிரிப்பதைக் கேட்கக் காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். தைலத்தின் நிறம் என்ன என்று கேட்டு அதையும் எழுதினாள். பிறகு கழுவ வெந்நீர் கொண்டுவரப் போனாள். அவ்வளவுதான். அந்தக் கிழவியின் சாமிக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் காத்தது மாதாவின் மானத்தை அல்ல, என் மானத்தை. பூக்காரி ரோசம்மாள் மாதாவுக்குப் பிரியமானவள், அவள் காலில் செபமாலையே விளைந்தது என்ற கதை போய்விடுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைக் காட்டத்தான் நான் கேட்டேன். மாதா காட்டிவிட்டாள்.

மிஸியிடம், காதர் பாயைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் வரும்வரை மனம் மாறிவிடக் கூடாதே என்று படுக்கை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டின், ஈரவாடை, எண்ணெய், கட்டிகளை எண்ணியது எல்லாம். பேசும்போது அழுதேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தில் கோபம்தான் இருந்தது.

"ரெண்டு தடவ கேட்டேனேம்மா. அன்னைக்கே சொல்லிருந்தா இன்னேரம் தெரிஞ்சிருக்கும்லா."

"தப்புதான் பாய்."

"சரி, அழாதீங்க. தர்காவுல வாங்கின பூவ எங்க உம்மாவும் கண்ணுல ஒத்தி, தாயத்துல போட்டுக் கட்டுவாங்க. எனக்குத் தெரியாதா?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது பூசணமா இருக்கலாம். ஊறுகாயில வருமே, அந்தச் சாதி. எல்லாப் பூசணமும் ஒடம்புல ஒட்டாது. ஒண்ணு ரெண்டு ஒட்டும். செடி, முள்ளு, காஞ்ச பூவு, இதுல இருந்து புண்ணு வழியாப் போயி, கட்டி கட்டியா வரிசையா ஏறும். நான் புஸ்தகத்துல படிச்சிருக்கேன், பாத்ததில்ல."

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். சாதாரணச் சீழ்க் கிருமி உடம்புச் சூட்டில் ஒரே நாளில் வளர்ந்துவிடும். ஆகையால் சீழைத் தடவிய குழாய்களைச் சூட்டுப் பெட்டியில் வைத்து, இரண்டு நாளில் பார்த்து எழுதிவிட்டுக் கழுவிவிடுவார்கள். என்னுடையதையும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இந்தப் பூசணம் அவசரக்காரன் இல்லை. அதைப் பெட்டிக்கு வெளியே, சாதாரண அலமாரியில், சீனி கலந்த உணவில் வைத்து எட்டு பத்து நாள் காத்திருந்தால்தான் தன் உருவத்தைக் காட்டும். பூதக்கண்ணாடியில் சீழை நேரே பார்த்தால் பெரும்பாலும் கண்ணுக்கே அகப்படாது. அது இருக்கிறது என்று சந்தேகப்பட்டால் மட்டுமே தேடுவார்கள். சந்தேகம் வர, நோயாளி வாயைத் திறக்க வேண்டும்.

"சீனி கலந்த உணவா?" என்று கேட்டேன்.

"ஆமா, நீங்க வீட்டுல கிண்டுற அகர்-அகர்தான். அதுல சீனி."

என்னைப் போலவே அதற்கும் சீனி ஆசை போலிருக்கிறது என்றேன். அன்றுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

அவரே போய்ச் சின்ன டாக்டரிடம் சொன்னார். இரண்டு பேரும் துரையிடம் போனார்கள். துரைக்கு நம்பிக்கை இல்லை என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் வந்து மறுபடி காலைப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, சீனி இறங்கியிருக்கிறது, கட்டிகள் வரிசையாக இருப்பது விசித்திரம்தான் என்றார். பத்து நாள் கொடுக்கிறேன், அதற்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வெட்டுவேன் என்றார். கறுத்த சுண்டுவிரலை மட்டும் அந்த வெள்ளிக்கிழமை எடுத்தார்கள். அதற்காக நான் அழவில்லை. காலைக் கேட்டவர்கள் விரலோடு போனார்களே என்றிருந்தது.

காதர் பாய் புதிதாகச் சீழ் எடுத்து மூன்று குழாய்களில் போட்டார். தெரேசாவிடம் சொல்லி வீட்டிலிருந்து டின்னையும் வரவழைத்தார். டின்னைத் திறந்து பார்த்த தெரேசா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்ட வார்த்தைகளுக்கு நான் இன்றுவரை அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பத்து நாள். ஒன்பது நாள் நவநாள் சொல்லலாம், ஒரு நாள் மிச்சம். நான் நவநாள் தொடங்கினேன். தினமும் மிஸி காய்ச்சல் குழாயை என் நாக்கடியில் வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். அவள் அதை உதறுகிற சத்தம் கேட்டால்தான் திறப்பேன். காதர் பாய் மத்தியானத் தொழுகை முடிந்து திரும்புகிற வழியில் வார்டு வாசலில் நின்று, இன்னும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். ஒரு நாள் உள்ளே வந்து, "நீங்க ஒங்க மாதாகிட்ட கேளுங்க, நான் எங்க ரப்புகிட்ட கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். அந்த வார்த்தை எனக்குப் போட்ட ஊசிகளைவிடத் தெம்பு கொடுத்தது.

ஆறாம் நாள் எனக்கு உடம்பு சுட்டது. நான் யாரிடமும் சொல்லாமல் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துக் குழாயை ஏமாற்றலாமா என்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பழைய புத்தி அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. பிறகு மிஸியைக் கூப்பிட்டு, எனக்குச் சூடாக இருக்கிறது என்று நானே சொன்னேன். வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. பயத்தில் வந்த சூடுதான்.

எட்டாம் நாள் காதர் பாய் வாசலில் நின்று தலையாட்டவில்லை. நேரே வந்தார். கையில் குழாய். உள்ளே அந்த அகர்-அகரின்மேல் வெள்ளையாக, மிளகளவு ஒரு பொட்டு. நான் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்றேன். இரண்டு நாள் பொறுங்கள் என்றார். பத்தாம் நாள் அது சுருங்கிச் சுருங்கி விரிந்து, நடுவில் பழுப்பாகி, ஓரம் கறுத்திருந்தது. மூன்று குழாயிலும் அதே. டின்னில் இருந்த பூவைத் தடவிய குழாயிலும், வேறு நாலு பூசணத்துக்கு நடுவில், அதே.

என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சோதனைச் சாலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். துரைதான், அவளும் பார்க்கட்டும் என்றாராம். பூதக்கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்தேன். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. மெல்லிய நூல் நூலாகக் காம்புகள், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் இதழ் வைத்தாற்போல் சுற்றிலும் பொடிப் பொடி மணிகள். நான் தலையைத் தூக்கிக் காதர் பாயைப் பார்த்தேன்.

"பூ மாதிரி இருக்கு, பாய்."

"ஆமாம்மா. அத வச்சுத்தான் இன்ன பூசணம்னு பேர் சொல்றது."

மறுபடியும் கண்ணை வைத்துப் பார்த்தேன். அழகாக இருப்பதெல்லாம் நமக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

மருந்து கத்தியில் இல்லை, ஒரு சீசாவில் இருந்தது. அயோடைடு என்றார்கள். பாலில் ஐந்து சொட்டு, மூன்று வேளை, தினமும் சொட்டுகளை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். நாக்கில் துருப்பிடித்த ஆணியைச் சப்பினாற்போல் இருக்கும். மூக்கு ஒழுகும், வாயில் எச்சில் ஊறும், கண்ணில் தண்ணீர் நிற்காது. பார்க்க வந்தவர்கள் நான் சதா அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். ஊசி நிற்கவில்லை, சீனியும் திரும்பவில்லை, இந்தமுறை ஞாயிற்றுக்கிழமையும்கூட.

மூன்றாம் வாரம் மேலே இருந்த கட்டி அமுங்கியது. பிறகு அதற்குக் கீழே இருந்தது. ஏறினதற்குத் தலைகீழ் வரிசையில் ஒவ்வொன்றாக இறங்கின. ஆகஸ்டில் மோட்ச மாதா திருநாளன்று நான் தெரேசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலால் நடந்து கோயிலுக்குப் போனேன். ஒன்பது விரல், இரண்டு கால். பூசை முழுவதும் முழந்தாளிட முடியவில்லை. உட்கார்ந்தே நன்றி சொன்னேன். மாதா கோபித்துக்கொள்ளவில்லை.

இதோடு முடித்திருந்தால் இது இனிப்பான சாட்சியாக இருந்திருக்கும். ஆனால் சோதனைச் சாலையில் அந்தக் குழாயைப் பார்த்த அன்றே எனக்கு வேறொரு பயம் பிடித்தது. நான் பூவை எனக்கு மட்டுமா வைத்தேன்?

அன்று மாலையே சவரியம்மாளுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தாள். முந்தானைக்குள் வலது கையை மறைத்துக்கொண்டு நின்றாள். எடு என்றேன். மீன் அரியும்போது விரலில் பட்ட வெட்டுக்கு நான் கொடுத்த பூவை இரண்டு மாதமாக வைத்துக் கட்டியிருக்கிறாள். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு கட்டி.

"எனக்கும் வந்துச்சுக்கா. ஒங்களுக்கு வந்த மாதிரியே," என்றாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம்.

அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அது மாதா கொடுத்ததல்ல, நான் கொடுத்தது என்றேன். அவள் அந்த இரண்டு கட்டிகளையும் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப நம்ம எண்ணினதெல்லாம்?" என்று கேட்டாள். நான் மிஸியை அனுப்பிக் காதர் பாயை வரவழைத்தேன். காதர் பாய் அவள் விரலில் சீழ் எடுத்தார். அவளுக்கு இனிப்பு நீர் இல்லை, சீக்கிரமே பார்த்தாகிவிட்டது, ஆறு வாரச் சொட்டு மருந்தில் ஆறிவிட்டது. என்னோடு பழையபடி பேசுவதற்கு அவளுக்கு அதைவிட அதிக நாள் பிடித்தது. இப்போது பேசுகிறாள். பீடத்துப் பூவை இப்போது இருவரும் சேர்ந்து வைக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் வாடியதையெல்லாம் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கொடுத்து, அவர் எரித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வருகிறோம்.

நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சுவாமி எல்லாவற்றையும் கேட்டார். எனக்கு ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை எத்தனை விதிப்பாரோ என்று காத்திருந்தேன். அவர் செபமே விதிக்கவில்லை. யார் யாருக்குப் பூ கொடுத்தாயோ அவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப் போய் உண்மையைச் சொல், அதுதான் உன் அபராதம் என்றார். செபம் எவ்வளவோ சுலபம்.

எண்ணிப் பார்த்தேன். இந்த ஊரில் ஐந்து பேர். ஐந்து பேரையும் பார்த்துவிட்டேன். சவரியம்மாளைத் தவிர மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேர் என்னைத் திட்டினார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒரு அம்மாள் காப்பி கொடுத்தார், சீனி போடாமல்.

ஆறாவது ஒருவர் உண்டு. மே மாதக் கடைசி ஞாயிறு, மாதா சுருபத்தைத் தூக்கி வரும் சுற்றுப்பிரகாரத்துக்கு அக்கரையிலிருந்து பெரிப் படகில் வந்தவர். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் என்று சொன்ன நினைவு. என் வயதுதான் இருக்கும், வலது கண்ணோரம் ஒரு மச்சம், நீலக்கரைப் புடவை, இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. எனக்கும் இனிப்பு நீர், இது ஆற மாட்டேன் என்கிறது என்றார். நான் காகிதத்தில் ஒரு பிடி பூவை மடித்து அவர் கையில் வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பெயர்கூடக் கேட்கவில்லை. பெருமையில் நின்றிருந்தேன்.

கால் நடக்கத் தொடங்கியபின் நானும் தெரேசாவும் இரண்டு முறை பெரி ஏறிப் போனோம். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று கேட்டோம். சந்தையில் கேட்டோம். ரயிலடியில் கேட்டோம். கிடைக்கவில்லை. இந்தச் சாட்சியை நான் எழுதுவது என் கால் பிழைத்த சந்தோஷத்தைச் சொல்ல மட்டுமல்ல. எழுதச் சொன்னதே அந்த அம்மாளின் கட்டைவிரல்தான். ஆகவே இதை வாசிக்கிறவர்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அக்கரையில் உறவுக்காரர்கள் உள்ளவர்கள் அவர்களிடம் சொல்லுங்கள்.

அன்பானவர்களே, மாதாவை நம்புங்கள். நான் நம்புகிறேன், முன்னைவிட அதிகமாகவே நம்புகிறேன். அவளிடம் கேளுங்கள், தருவாள். எனக்குத் தந்தாள். ஒரு சீனக் கிழவியின் வாயிலும், ஒரு முஸ்லிம் சகோதரரின் குழாயிலும் வைத்துத் தந்தாள். ஆனால் அவளிடம் கேட்டுவிட்டு டாக்டரிடம் மறைக்காதீர்கள். அவளுக்கு வக்காலத்து வாங்க நீங்களும் நானும் தேவையில்லை.

அம்மா, நீலக்கரைப் புடவை கட்டியவரே, இது உங்கள் காதில் விழுந்தால், அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுங்கள். மாதா கோபிக்க மாட்டாள். இன்றைக்கே விரலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். என்ன வைத்துக் கட்டினாய் என்று கேட்பார்கள். கூச்சப்படாதீர்கள். பினாங்கில் ரோசம்மாள் என்ற பூக்காரி கொடுத்தாள் என்று என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.